மின்காந்தவியலுக்கு நான் புத்தகம் தேடிய கதை

பி.எஸ்சி. இயற்பியல் நான்காம் செமஸ்டரில் மின்காந்தவியல் தாளில் 75க்கு 19 வாங்கினேன். தேற 30 வேண்டும். பள்ளியில் இயற்பியல்தான் எனக்குப் பிடித்த பாடம், 12ஆம் வகுப்பு வரை தமிழ்வழி. ரிசல்ட் வந்த அன்று இரவு, இங்கிலீஷ்தான் என்னை விழ வைத்தது என்று முடிவு செய்துகொண்டேன். நவம்பரில் அரியர். கையில் ஐந்து மாதம் இருந்தது.

அதில் முதல் மாதம் முழுக்கச் சேகரிப்பதிலேயே போனது. யார் எந்த பிடிஎஃப் அனுப்பினாலும் இறக்கி வைத்தேன். ஜெராக்ஸ் கடையில் விற்கும் நோட்ஸ், ஐந்து வருடக் கேள்வித்தாள் தொகுப்பு, மூன்று பாடப்புத்தகங்கள், நாற்பதுக்கும் மேல் வீடியோக்கள். ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பக்கம் படிப்பேன், புரியாது, அடுத்ததைத் திறப்பேன்.

விடுதியில் எம்.எஸ்சி. படித்த அக்கா ஒருவரிடம் போய், "நல்ல புக்கா ஒண்ணு சொல்லுங்கக்கா" என்று கேட்டேன். அவர் புத்தகம் எதுவும் சொல்லவில்லை. "எந்த வரியில நின்னுபோச்சுன்னு காட்டு" என்றார். காஸ் விதியைக் காட்டினேன். மூடிய பரப்பின் வழியே செல்லும் மின்பாயம் உள்ளே இருக்கும் மின்னூட்டத்தைப் பொறுத்தது என்பது பள்ளியிலேயே தெரியும். கல்லூரிப் புத்தகத்தில் அதே விதி 'டெல் டாட் ஈ' என்று ஒரே வரியாக நின்றது. "டைவர்ஜென்ஸ்னா என்ன?" என்று கேட்டார். சூத்திரத்தைச் சொன்னேன். "சூத்திரம் இல்லடா, அது என்னன்னு கேக்குறேன்." ஒரு புள்ளியிலிருந்து புலம் எவ்வளவு வெளியே விரிந்து போகிறது என்பதுதான் அது; அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. புலம் ஒரு புள்ளியில் எவ்வளவு சுழல்கிறது என்று சொல்லும் கர்ல் பற்றிக் கேட்டதற்கும் அப்படித்தான்.

அன்றுதான் புரிந்தது: எனக்குத் தெரியாமல் இருந்தது இங்கிலீஷ் இல்லை, மின்காந்தவியலும் இல்லை, வெக்டர் கால்குலஸ், அதாவது அளவும் திசையும் உள்ள புலங்களுக்கான நுண்கணிதம். துணைப்பாடக் கணிதத்தில் அது வருவதற்கு முன்பே இயற்பியல் வகுப்பு அதைத் தாண்டிப் போயிருந்தது. அந்த இடைவெளி எனக்குத் தெரியாமலேயே நான் புத்தகங்களை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா சொல்லித்தான் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மனின் விரிவுரைகளில் இரண்டாம் தொகுதியைத் திறந்தேன். 1960களின் தொடக்கத்தில் கால்டெக்கில் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) அவர் நடத்திய வகுப்புகள் அவை. கால்டெக் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். முதல் அத்தியாயத்தில் ஒரு இடம் இருக்கிறது. ஓடும் நீரை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். அதற்குள் ஒரு வளையக் குழாய். திடீரென்று குழாய்க்குள் இருக்கும் நீர் தவிர மற்ற எல்லா நீரும் உறைந்துவிட்டால், குழாய்க்குள் நீர் சுற்றிக்கொண்டே இருக்குமா, நின்றுவிடுமா? சுற்றினால் அந்தப் புலத்துக்குச் சுழற்சி இருக்கிறது. அந்த வளையத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போய், சுழற்சியை வளையத்தின் பரப்பால் வகுத்தால் கிடைப்பதுதான் கர்ல். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வைகையை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கரையோரம் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் ஓடும் நீரில், பார்வைக்கு எந்தச் சுழியும் இல்லாமலே கர்ல் இருக்கிறது!

ஆனால் ஃபெயின்மனைப் படித்தால் புரியும், கணக்கு வராது. கணக்குக்கு டேவிட் கிரிஃபித்ஸ் எழுதிய 'இன்ட்ரொடக்‌ஷன் டு எலக்ட்ரோடைனமிக்ஸ்'. ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். முதல் அத்தியாயம் முழுக்க வெக்டர்தான், இயற்பியலே கிடையாது. முன்பு அதைத் தாண்டிவிட்டு இரண்டாம் அத்தியாயத்துக்குப் போனதுதான் நான் செய்த தவறு. இந்த முறை அந்த ஒரு அத்தியாயத்துக்கே ஆறு வாரம் கொடுத்தேன்.

அதில் ஒரு கணக்கு என்னை மூன்று நாள் பிடித்து வைத்தது. புள்ளி மின்னூட்டத்தின் புலம் போல, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைந்துகொண்டே வெளிநோக்கிப் போகும் புலம். அதன் டைவர்ஜென்ஸைக் கணக்கிட்டால் பூஜ்யம் வருகிறது. அதே புலத்தின் பாயத்தை ஒரு கோளத்தின் மேல் தொகையிட்டால் 4 பை. டைவர்ஜென்ஸ் தேற்றப்படி, கோளத்துக்குள் டைவர்ஜென்ஸின் மொத்தமும் பரப்பின் வழியே போகும் பாயமும் சமமாக இருக்க வேண்டுமே! திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், கணக்கில் பிழை இல்லை. மையப் புள்ளியில் மட்டும் அந்தச் சூத்திரம் செல்லாது, மொத்தமும் அந்த ஒரு புள்ளியிலேயே குவிந்திருக்கிறது, அதை எழுதத்தான் டிராக் டெல்டா என்று அடுத்த பக்கங்களில் வருகிறது. வகுப்பில் டெல்டா சார்பை ஒரு வரையறையாக மட்டும் எழுதிப் போட்டிருந்தார்கள். அது எதற்காகத் தேவைப்பட்டது என்பதை இந்தக் கணக்குதான் எனக்குக் காட்டியது.

இங்கிலீஷ் பிரச்சினை கொஞ்சம் உண்மைதான். அதற்கு எனக்கு உதவியது என் பழைய 12ஆம் வகுப்பு இயற்பியல் புத்தகம். தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டின் பிடிஎஃப்பும் பாடநூல் கழகத் தளத்தில் இலவசம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாயம், தூண்டல், இடப்பெயர்ச்சி மின்னோட்டம் எல்லாம் தானாகவே இரண்டு மொழியிலும் பழகிவிடும். தனியாக அகராதி தேவைப்படவில்லை. மின்தேக்கி மின்னேற்றம் ஆகும்போது, மின்னோட்டத்தையும் காந்தப்புலத்தையும் இணைக்கும் ஆம்பியர் விதி ஏன் போதவில்லை என்பதை அந்தப் புத்தகமே நன்றாகச் சொல்கிறது.

ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் வீடியோக்கள் நல்லவைதான், ஆனால் ஒரு பாடத்தைப் படித்துவிட்டுப் பார்த்தால் மட்டுமே எனக்குப் பயன்பட்டன. முதலில் வீடியோ என்று உட்கார்ந்தால் புரிந்த மாதிரி இருக்கும், பேனாவை எடுத்தால் கை ஓடாது. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐஐடி ஜாம் நுழைவுத்தேர்வின் பழைய கேள்வித்தாள்களை அக்டோபரில்தான் தொட்டேன். பல்கலைக்கழகத் தேர்வுக்கு அந்தக் கடினம் தேவையில்லை, ஆனால் புரிந்ததா என்று சோதிக்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

படிக்கும் இடமும் முக்கியம். விடுதி அறையில் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். நவம்பர் முதல் ஞாயிறு, அங்கே உட்கார்ந்துதான் மின்காந்தவியலின் அடிப்படையான மேக்ஸ்வெல் சமன்பாடுகள் நான்கையும் எழுதி, கர்லுக்குக் கர்ல் எடுத்து, அலைச் சமன்பாட்டை நானாகவே வருவித்தேன். அதற்கு வேண்டிய வெக்டர் முற்றொருமையை மட்டும் கிரிஃபித்ஸின் அட்டை உள்பக்கத்தில் பார்த்துக்கொண்டேன். கடைசியில் அலையின் வேகத்துக்கு மியூ நாட், எப்சிலான் நாட் என்ற வெற்றிடத்தின் காந்த, மின் மாறிலிகள் மட்டும் மிஞ்சின. கால்குலேட்டரில் இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தலைகீழாக்கினேன். வினாடிக்கு 2.998 பெருக்கல் 10இன் 8ஆம் அடுக்கு மீட்டர். ஒளியின் வேகம். கம்பிச் சுருளையும் மின்தேக்கியையும் வைத்து ஆய்வகத்தில் அளக்கக்கூடிய இரண்டு எண்களிலிருந்து அது வந்தது.

தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை. 75க்கு 54 வந்தது. நூலகத்தில் அலைச் சமன்பாட்டை வருவித்த அந்தத் தாளைக் கிரிஃபித்ஸின் ஒன்பதாம் அத்தியாயத்துக்குள் வைத்திருக்கிறேன்.