ஒரே லினக்ஸில் இரண்டு ஜிபிஜி: சாவி தொலையவில்லை, பார்க்கிற இடம்தான் மாறியிருக்கிறது

கோப்புகளையும் செய்திகளையும் சாவியால் பூட்டவும் கையொப்பமிடவும் உதவும் நிரல் ஜிபிஜி (க்னூபிஜி). ஜிபிஜி என்று தட்டினால் எந்தப் பதிப்பு ஓடுகிறது? அது எந்த டைரக்டரியில் சாவிகளைத் தேடுகிறது? எந்த ஏஜென்ட்டிடம் (பின்னணியில் ஓடும் துணை நிரல்) பேசுகிறது? இந்த மூன்றும் ஒத்துப்போனால் ஒரே கணினியில் இரண்டு மூன்று பதிப்புகளை வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம். ஒன்று பிசகினாலும் 'தனிச்சாவி இல்லை' என்று, அதாவது உங்கள் ரகசியச் சாவியைக் காணோம் என்று, வந்து நிற்கும். அந்தச் செய்தியைப் பார்த்துப் பதறி எதையும் அழித்துவிடாதீர்கள். முதலில் வீட்டு டைரக்டரிக்குள் ஒளிந்திருக்கும் .க்னூபிஜி-யை அனுமதிகளோடு அப்படியே நகலெடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சிக்கலின் வேர் 2014 நவம்பரில் வந்த 2.1 பதிப்பில் இருக்கிறது. அதுவரை தனிச்சாவிகள் எல்லாம் செக்ரிங்.ஜிபிஜி என்ற ஒரே கோப்பில் இருந்தன. 2.1-லிருந்து அவற்றை ஏஜென்ட் மட்டுமே தொடும். பிரைவேட்-கீஸ்-வி1.டி என்ற உள் டைரக்டரியில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கோப்பு. முதல்முறை ஓடும்போது பழைய செக்ரிங்கைப் படித்து நகல் எடுத்துக்கொண்டு, .ஜிபிஜி-வி21-மைக்ரேட்டட் என்று ஒரு வெற்றுக் கோப்பை அடையாளத்துக்கு வைத்துவிடும். அதோடு சரி, செக்ரிங் பக்கம் மறுபடி திரும்பாது. ஆனால் செக்ரிங்கை அழிக்கவும் செய்யாது.

இதன் விளைவைப் பலர் யோசிப்பதில்லை. மாற்றத்துக்குப் பிறகு பழைய 1.4 பதிப்பில் உருவாக்கிய சாவி 2.x-க்கு (இங்கே 2.1-உம் அதற்குப் பிந்தையவையும்) தெரியாது என்பது எளிதில் கண்ணில் படும். தலைகீழாக நடப்பதுதான் ஆபத்து. கடவுச்சொல் கசிந்துவிட்டதென்று 2.x-ல் அதை மாற்றுகிறீர்கள். செக்ரிங்கில் அதே தனிச்சாவி பழைய கடவுச்சொல்லோடு அப்படியே கிடக்கிறது. அந்தக் கோப்பு யார் கையில் சிக்கினாலும் கசிந்த சொல்லாலேயே திறந்துவிடலாம்.

பிறருக்குக் கொடுக்கும் பொதுச்சாவிகளின் கதை வேறு. ஏற்கெனவே பப்ரிங்.ஜிபிஜி இருந்தால் 2.x அதையே பயன்படுத்தும். புதிதாகத் தொடங்கும் டைரக்டரியில் பப்ரிங்.கேபிஎக்ஸ் உருவாகும்; 1.4-க்கு அதைப் படிக்கத் தெரியாது. டெபியன் லினக்ஸில் பழையதைப் புதியதற்கு மாற்ற 'மைக்ரேட்-பப்ரிங்-ஃப்ரம்-கிளாசிக்-ஜிபிஜி' என்ற ஸ்கிரிப்டே உண்டு. 2.4.1-லிருந்து இன்னொரு அடுக்கும் சேர்ந்தது. .க்னூபிஜி டைரக்டரியே இல்லாத இடத்தில் முதல்முறை ஓட்டினால், காமன்.கான்ஃப் கோப்பில் 'யூஸ்-கீபாக்ஸ்டி' என்ற வரியை அதுவே எழுதி, பொதுச்சாவிகளை ஒரு தரவுத்தளத்தில் சேமிக்கும். அதே டைரக்டரியை 2.2-ல் திறந்தால் சாவிப் பட்டியல் காலி. 2.4-ல் சாவிகளை ஏற்றுமதி செய்துகொண்டு, அந்த வரியை நீக்கி, பின்னணி நிரல்களை நிறுத்திவிட்டு, மறுபடி இறக்குமதி செய்தால் சரியாகும். ஏற்றுமதிக்கு முன்னால் வரியை நீக்கினால் 2.4-க்கும் பட்டியல் காலியாகத்தான் தெரியும்.

கட்டளைப் பெயரும் குழப்பும். டெபியன் 8-ல் ஜிபிஜி என்றால் 1.4, புதியது வேண்டுமென்றால் ஜிபிஜி2. டெபியன் 9-லிருந்து ஜிபிஜி என்பதே 2.x, பழையது வேண்டுமென்றால் க்னூபிஜி1 பேக்கேஜை நிறுவி ஜிபிஜி1 என்று அழைக்க வேண்டும்.

அதிகம் படுத்துவது ஏஜென்ட்தான். மூலநிரலிலிருந்து 2.4-ஐத் தொகுத்து /யுஎஸ்ஆர்/லோக்கல்-இல் நிறுவியிருக்கிறீர்கள், டிஸ்ட்ரோவோடு (டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) வந்த 2.2-ம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டளையை ஓட்டியதும் 'ஜிபிஜி-ஏஜென்ட் சர்வர் நம்மைவிடப் பழையது' என்று எச்சரிக்கை வரும், அடைப்புக்குறிக்குள் இரண்டு பதிப்பு எண்களோடு. 'ஜிபிஜிகான்ஃப் --கில் ஆல்' கொடுத்தால் பெரும்பாலும் தீரும். தீராமல் அடுத்த கட்டளையிலேயே திரும்பி வந்தால், பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யைப் பாருங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் ஏஜென்ட்டோடு மற்ற நிரல்கள் பேசும் வாயிலான சாக்கெட்டைப் பயனர் நிலையில் சிஸ்டம்டி பிடித்து வைத்திருக்கும். நீங்கள் கொன்ற அடுத்த கணமே, யாராவது அந்தச் சாக்கெட்டைத் தட்டினால் டிஸ்ட்ரோவின் பழைய ஏஜென்ட்டையே எழுப்பிவிடும். ஜிபிஜி-ஏஜென்ட்.சாக்கெட், அதன் எஸ்எஸ்எச், எக்ஸ்ட்ரா, பிரவுசர் சாக்கெட்டுகள், சாவிச் சர்வர்களோடு பேசும் நிரலின் டிர்மங்கர்.சாக்கெட் ஆகியவற்றை 'சிஸ்டம்சிடிஎல் --யூசர்' மூலம் நிறுத்தி, மறுபடி எழாதபடி மாஸ்க் செய்யுங்கள். அதன்பின் புதிய ஜிபிஜி தன் ஏஜென்ட்டைத் தானே தொடங்கிக்கொள்ளும். சரியான ஏஜென்ட்தானா என்று உறுதிசெய்ய, 'ஜிபிஜி-கனெக்ட்-ஏஜென்ட்' வழியாக 'கெட்இன்ஃபோ வெர்ஷன்' என்று அதையே கேட்டுவிடலாம்.

தொகுத்த பதிப்பு 'லிப்ஜிகிரிப்ட் மிகப் பழையது' என்று சொல்லி நின்றுவிட்டால், லோக்கலில் அந்தக் குறியாக்க நூலகத்தின் புதிய பதிப்பு இருந்தும், நூலகங்களை ஏற்றும் லோடர் பழையதை எடுக்கிறது என்று அர்த்தம். ரூட்டாக 'எல்டிகான்ஃபிக்' ஒருமுறை ஓட்டுங்கள். 'டைப் -ஏ ஜிபிஜி' கொடுத்தால் எத்தனை ஜிபிஜி, எந்த வரிசையில் இருக்கின்றன என்று தெரியும். பாஷ் பழைய பாதையை நினைவில் வைத்திருந்தால் 'ஹாஷ் -ஆர்' போதும். டிஸ்ட்ரோவின் ஜிபிஜியை மட்டும் வலுக்கட்டாயமாக நீக்காதீர்கள். டெபியன் 12 வரை, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஏபிடி கையொப்பங்களைச் சரிபார்க்க நம்பியிருந்தது அதே குடும்பத்து ஜிபிஜிவி-யைத்தான். ஏபிடி-க்குத் தரும் சாவிக் கோப்பு கேபிஎக்ஸ் வடிவில் இருந்தாலும் ஏற்காது. 'எக்ஸ்போர்ட்' செய்த சாதாரண வடிவில் கொடுங்கள்.

பழைய பதிப்பு தேவைதான் என்றால் அதற்குத் தனி வீடு கொடுப்பதே என் பரிந்துரை. 700 அனுமதியோடு ஒரு டைரக்டரி உருவாக்கி, க்னூபிஜிஹோம் என்ற சூழல் மாறியில் அதைக் காட்டிவிட்டு ஜிபிஜி1-ஐ ஓட்டுங்கள். அனுமதி தளர்வாக இருந்தால் எச்சரிக்கை வரும். 2.x பதிப்புகளைப் பிரிக்கவும் இதே வழிதான். வீடு மாறினால் சாக்கெட்டும் தானாகவே வேறாகும், ஏஜென்ட்டுகள் மோதாது.

1.4-க்கு எழுதிய ஸ்கிரிப்டுகளில் '--பாஸ்ஃப்ரேஸ்-எஃப்டி' இருந்தால் 2.x-ல் '--பின்என்ட்ரி-மோட் லூப்பேக்' சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கடவுச்சொல் கேட்கும் பெட்டியைத் திறக்கப் பார்த்து, திரை இல்லாத சர்வரில் தோற்றுவிடும்.

1.4-ஐ வைத்திருக்க உண்மையான காரணம் பழைய காப்பகங்கள்தான். ஜிபிஜிக்கு முன்னோடியான பிஜிபி 2 காலத்து வி3 என்ற பழைய வடிவச் சாவிகளை 2.1 ஏற்காது. 2018-ல் ஈஃபெய்ல் என்ற பாதுகாப்புக் குறை வெளியான பிறகு வந்த 2.2.8, எம்டிசி பாதுகாப்பு (செய்தி இடையில் மாற்றப்பட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு) இல்லாத செய்திகளை எச்சரிக்கையோடு விடாமல் பிழையாகவே நிறுத்துகிறது. '--இக்னோர்-எம்டிசி-எரர்' இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட கோப்புக்கு மட்டும் கட்டளை வரியில் கொடுங்கள், அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதாதீர்கள். அந்தக் காப்பகங்களை ஒருமுறை திறந்து, இன்றைய சாவியால் மறுபடி பூட்டி, திறந்து பார்த்துச் சரிபார்த்துவிட்டால் ஜிபிஜி1-ஐயும், .க்னூபிஜி-யிலும் முதலில் எடுத்த நகலிலும் இருக்கும் செக்ரிங்கையும் சேர்த்தே நீக்கிவிடலாம்.