பத்து நிமிடம் ஓடி நின்றுபோகும் ரம்பம்

சிங்கப்பூரின் சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் நண்பர் ஒருவரின் மரப்பட்டறையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் அங்கே மரக்கிண்ணம் கடைவேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் உளியைத் தட்டினாலே கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிடுவார். பெட்ரோல் ரம்பத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். தூங்குமூஞ்சி மரத்தின் அடித்துண்டுகளைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றும் அளவுக்குப் பிளக்கத்தான் ஜனவரியில் சங்கிலி ரம்பம் வாங்கினேன்.

மார்ச்சில் தொல்லை தொடங்கியது. இரண்டே இழுப்பில் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் வெண்ணெய் வெட்டுவதுபோல் வெட்டும். பிறகு திடீரென்று சத்தம் கீச்சென்று உயரும், கம்மும், நின்றுவிடும். சற்று நேரம் வைத்துவிட்டு இழுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் ஓடும்.

வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். மூன்று வாரம் வைத்திருந்தார்கள். ‘கார்ப்புரேட்டர் சரிசெய்யப்பட்டது, நன்கு இயங்குகிறது’ என்று தாளில் எழுதித் திருப்பித் தந்தார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் பாகம் அது. அடுத்த சனிக்கிழமையே பழைய கதை. இரண்டாம் முறை நான்கு வாரம், தாளில் அதே வாசகம், கூடவே 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம். உத்தரவாதம் இருக்கிறதே என்றேன். “உத்தரவாதம் உற்பத்திக் குறைக்குத்தான் சார். கார்ப்புரேட்டர் சரிசெய்வது பராமரிப்பு” என்றார் முகப்பில் இருந்தவர். எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்றார். பத்தாவது நிமிடத்தில் சாகும் ரம்பத்தை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தால் அது நலமாகத்தானே இருக்கும்!

2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் எனக்குத் தெரியாததில்லை. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது விற்றவர். சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது. ஆனால் என்ன குறை என்று எனக்கே தெரியாதபோது எதை வைத்து வாதாடுவது?

பட்டறைக்கு எதிரே மரக்கிளை வெட்டும் குத்தகை நிறுவனத்தின் லாரி நிற்கும். அதில் வேலை செய்யும் பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர் தேநீர் இடைவேளையில் வந்து ரம்பத்தின் சத்தத்தைக் கேட்டார், பார்க்கவில்லை, கேட்டார். “அண்ணா, வெறுமனே முழு வேகத்தில் வைத்தால் கொஞ்சம் கரகரக்க வேண்டும். மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும். உங்களுடையது மரத்துக்குள்ளும் கரகரக்கிறதே” என்றார்.

கரகரப்பு என்றால் பெட்ரோல் அதிகம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன்: கறுத்து, ஈரமாக இருந்தது. கடைக்காரர்கள் கார்ப்புரேட்டரில் இருக்கும் எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (முழு வேகத்துக்கு) என்ற இரண்டு பெட்ரோல் திருகுகளையும் அவற்றின் பிளாஸ்டிக் தொப்பி விடும் எல்லை வரை பெட்ரோல் கூடும் பக்கமாகத் திருகி வைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு நம் ஊர்க் காற்று வேறு. 15 டிகிரிக் காற்றைவிட 32 டிகிரிக் காற்று ஏறத்தாழ 6 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. அதே பெட்ரோலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும்.

சரி, பெட்ரோலைக் குறைக்கத் திருகுகளைக் கொஞ்சம் மூடினேன். ரம்பம் ஏழே நிமிடத்தில் நின்றது. பிளக் பெட்ரோல் அதிகம் என்கிறது, இயந்திரமோ பெட்ரோல் இல்லாமல் செத்துப்போகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அன்று மாலை முழுவதும் எரிச்சலில் ஒரு கிண்ணத்தைக் கடைந்து, அதையும் அடிப்பக்கத்தில் ஓட்டையாக்கினேன்.

அடுத்த வாரம் ரம்பம் நின்றதும், பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டாங்க் மூடியைத் திருகினேன். ‘ஸ்ஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியை மாட்டிவிட்டு இழுத்தால் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அந்த நொடியில் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது. நடுவழியில் நின்றால் டாங்க் மூடியைத் திறந்து, அதிலிருக்கும் சிறு துளையை ஊசியால் குத்துவார். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது.

ரம்பத்தில் அந்த வேலைக்குத் தனியாக ஒரு சுண்டுவிரல் நுனி அளவு வால்வு இருக்கிறது. அதைப் பிடுங்கி, பெட்ரோலில் கலக்கும் எண்ணெயை அளக்க வைத்திருந்த 20 மில்லி ஊசிக்குழலை (ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 50-க்கு 1) ரப்பர்க் குழாய் வழியே டாங்க் பக்கத்தில் பொருத்தித் தண்டை இழுத்தேன். காற்று வரவில்லை. விட்டதும் தண்டு ‘டப்’ என்று திரும்பி ஓடியது. தூசி இல்லை, அழுக்கு இல்லை. உள்ளே ரப்பர் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஆக இரண்டுமே உண்மைதான்: திருகுகள் பெட்ரோலைக் கூட்டின, ஒட்டிய வால்வு சற்று நேரத்தில் அதையே நிறுத்தியது.

வேறொரு கடையில் புது வால்வு 9 வெள்ளி. மாட்டிய பிறகு இரண்டு டாங்க் தீரும்வரை ரம்பம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதன் பிறகுதான் திருகுகளைத் தொட்டேன். காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்து, சங்கிலியைத் தீட்டி, இயந்திரம் நன்றாகச் சூடான பின் முதலில் எல். விசையை அழுத்தியதும் தயங்காமல் எழும்பும் இடத்தில் நிறுத்தினேன். அடுத்து வெற்றோட்டம், அதாவது விசையை விட்டதும் ஓடும் வேகம்; அதில் சங்கிலி அசையக் கூடாது. கடைசியாக எச். இதில் பேராசைப்பட்டு மூடிக்கொண்டே போனால் வேகம் கூடும், எண்ணெயும் குறையும், பிஸ்டன் கீறிப்போகும். தம்பி சொன்ன கரகரப்பு காற்றில் இருந்து மரத்தில் மறையும் இடத்தில் கையை எடுத்துவிட்டேன்.

பழைய வால்வையும் ஊசிக்குழலையும் ஒரு பையில் போட்டுக் கடைக்குப் போனேன். முகப்பிலேயே வைத்து இழுத்துக் காட்டினேன். டப். அவரும் வாங்கி இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். வால்வை வைத்துவிட்டுப் போகச் சொன்னார், தரவில்லை. 60 வெள்ளி பற்றி மேலாளர் அழைப்பார் என்றார். அதன் பிறகு நான்கு கிண்ணங்கள் கடைந்துவிட்டேன். அழைப்பு வரவில்லை.