அந்த ராத்திரி ராஜாவுக்கு தூக்கம் வரல

ஒரு ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூம்ல 19 வருஷமா வேலை பாக்குறேன். டிஸ்சார்ஜ் ஆனவங்க கேஸ் ஷீட்ட ஐபி நம்பர் (உள்நோயாளி நம்பர்) வாரியா அடுக்கி, கட்டு கட்டி, ரேக்ல ஏத்தணும், யாராவது கேட்டா எடுத்து குடுக்கணும், அதான் வேலை.

சின்ன வயசுல சர்ச் சண்டே கிளாஸ்ல, பெர்சியா ராஜாவுக்கு ராணியான யூதப் பொண்ணு எஸ்தரோட பைபிள் கதைய கேட்டப்ப ராணி மட்டும்தான் மனசுல நின்னாங்க. இந்த வேலைக்கு வந்தப்புறம் அதுல எனக்கு முக்கியமா படுறது பேரே இல்லாத ஒரு எழுத்தர். சூசான் நகரத்து அரமனையில பிக்தானும் தேரேசும்னு ரெண்டு வாசல் காவலாளிங்க ராஜா அகாஸ்வேரு மேல கை போட பாக்குறாங்க, எஸ்தர வளத்த சொந்தக்காரர் மொர்தெகாய் அத கண்டுபிடிச்சு எஸ்தர் மூலமா சொல்லிடுறாரு, விஷயம் நடபடி புஸ்தகத்துல பதிவாகுது. அதோட சரி. மொர்தெகாய்க்கு ஒரு பரிசும் கிடையாது. எஸ்தர் ராணியானது அகாஸ்வேருவோட 7ஆம் வருஷம், ராஜாவோட பெரிய மந்திரி ஆமான் யூதர்கள அழிக்க நாள் குறிக்க சீட்டு போட்டது 12ஆம் வருஷம், அந்த இடைப்பட்ட காலம் பூரா அந்த வரி ஏதோ ஒரு சுருள்ல சும்மாவே கெடந்திருக்கு.

அப்புறம் ஒரு ராத்திரி. ஆமான் 50 முழ உயரத்துக்கு தூக்குமரம் செஞ்சு வச்சாச்சு, விடிஞ்சா மொர்தெகாய தொங்கவிட உத்தரவு கேக்கப் போறான். ராஜாவுக்கு தூக்கம் வரல. பாட்டு பாட சொல்லல, சாப்பாடு கேக்கல, ரெக்கார்ட கொண்டுவாங்கன்னாரு, வாசிச்சதுல சரியா அந்த வரி வந்துது. இவனுக்கு என்ன செஞ்சோம்னு கேட்டா, ஒண்ணும் செய்யலைன்னாங்க. விடிஞ்சப்ப மொர்தெகாய்க்கு கிடைச்சது தூக்கு இல்ல, ராஜ மரியாதை. எபிரேயத்துல இந்த புஸ்தகத்துல கடவுள் பேரே ஒரு இடத்துலயும் இல்ல, ஆனா எனக்கு இந்த இடத்த வாசிக்கும்போதெல்லாம் கை நடுங்கும்.

அதுக்கு காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு நாள் ட்யூட்டி முடிஞ்சு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ட்டேன், டிபன் பாக்ஸ மறந்துட்டது ஞாபகம் வந்து திரும்பி வந்தேன். பூட்ட திறக்கும்போதே உள்ள போன் அடிக்குது. கேஷுவாலிட்டி சிஸ்டர். "அண்ணே, இன்னும் கெளம்பலையா, நல்லவேளை, ஒரு பழைய கேஸ் ஷீட் வேணும், பேஷன்ட் பேசுற நிலைமையில இல்ல, கூட வந்த பையனுக்கும் ஒண்ணும் தெரியல." நம்பர வாங்கி ரேக்ல தேடி எடுத்தா, அட்டை ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு, மேல சிவப்பு மையில, ரெண்டு தடவ அடிக்கோடு போட்டு, பென்சிலின் அலர்ஜின்னு எழுதியிருக்கு. கீழ ரெண்டெழுத்து இனிஷியல். ஓடிப்போய் குடுத்தேன், டாக்டர் பாத்துட்டு போட இருந்த ஊசிய மாத்தினாரு. அந்தம்மா நல்லாயி வீட்டுக்கு போனாங்க. அந்த இனிஷியல் யாருதுன்னு நானும் பழைய ஆளுங்ககிட்ட எல்லாம் விசாரிச்சேன், யாருக்கும் தெரியல.

பைபிள்ல ரூத் புஸ்தகம் 2ஆம் அதிகாரத்துல, ரூத்துங்கிற ஏழை விதவை கதிர் பொறுக்கப் போறா, "தற்செயலாய்" அவ போன வயல், பின்னால அவள கட்டிக்கப் போற போவாசோடதுன்னு வருது. எழுதினவர் கர்த்தர் நடத்தினார்னு போட்டிருக்கலாம், போடல. எனக்கு அது பெரிய மரியாதையா தெரியுது. ரூத்துக்கு அன்னைக்கு தெரிஞ்சதெல்லாம் குனிஞ்சு கதிர் பொறுக்குறது மட்டும்தான?

இதையும் சொல்லணும். இன்னொரு தடவ ஒரு பெரியவர் அவர் மகனோட கேஸ் ஷீட் கேட்டு மூணு நாள் வந்தாரு, இன்சூரன்ஸுக்கு. கிடைக்கல. இல்லைங்க ஐயான்னு சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம் பைபிள்ல எஸ்றா 6ஆம் அதிகாரத்த வாசிச்சேன், எருசலேம் ஆலயத்த கட்ட பெர்சியா ராஜா கோரேசு போட்ட உத்தரவ, பின்னால வந்த தரியு ராஜா காலத்துல பாபிலோன் ரெக்கார்ட் ரூம்ல தேடுறாங்க, கடைசியில சுருள் அகப்பட்டது மேதியாவுல அக்மேதா பட்டணத்து அரமனையில. அவ்ளோ தூரம் போயும் விடாம பாத்திருக்காங்க. எங்க ஆஸ்பத்திரி பழைய கட்டடத்து மாடியிலயும் ஒரு ரூம் நெறைய கட்டு கெடக்கு, சாவி என் மேசை டிராயர்லதான் இருந்துது. அந்த மூணு நாள்ல ஒரு நாள் கூட நான் அங்க ஏறிப்போய் பாக்கல.