புல்லட்ல 28 கார்ப கழட்டிட்டு திரும்ப 24 போட்ட அனுபவம்

89 மாடல் புல்லட் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின், ரைட் சைடு கியர். என் கைக்கு வரும்போதே அதுல 28 எம்எம் கார்ப் தான் இருந்துச்சு. கார்ப்னா கார்புரேட்டர், காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புறது; 28ங்கிறது அதுல காத்து போற ஓட்டையோட விட்டம். முன்னாடி வச்சிருந்தவரு ஹைவேல விரட்டுறதுக்காக 500 புல்லட்டோட கார்ப மாட்டி, ஃபில்டர் பாக்ஸையும் தூக்கிட்டு ஓப்பன் ஃபில்டர் போட்டிருந்தாரு. நாலு வழிச்சாலைல நல்லாத்தான் போகும், அத இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் ஓட்டுறது புதூர், கோரிப்பாளையம், சிம்மக்கல், காளவாசல்னு மதுரை டவுனுக்குள்ள தான். சிக்னல்ல பச்சை விழுந்து ஆக்ஸிலேட்டர கொஞ்சம் வெடுக்குன்னு திருகுனா ஒரு இருமல், அப்படியே ஆஃப். பின்னாடி ஷேர் ஆட்டோ ஹாரன அமுக்கிக்கிட்டு நிக்கும், நான் டிகம்ப்ரஸர (இன்ஜின் அழுத்தத்த வெளிய விடுற லிவர்) புடிச்சு, ஆம்பியர் மீட்டர் முள்ளப் பாத்து பிஸ்டன எடத்துக்குக் கொண்டுவந்து மிதிக்கிறதுக்குள்ள திரும்ப சிகப்பு விழுந்துரும்.

24க்கும் 28க்கும் 4 எம்எம் தானன்னு தோணும். ஆனா பரப்பளவு கணக்கு போட்டா ஓட்டை 36 சதவீதம் பெரிசு. பைய ஓடும்போது இன்ஜின் இழுக்குற காத்து என்னமோ அதே அளவு தான், ஓட்டை பெரிசானா காத்தோட வேகம் குறையுது, வேகம் குறைஞ்சா ஜெட்ல (பெட்ரோல் வர்ற சின்னத் துளை) இருந்து பெட்ரோல உறிஞ்சுற இழுப்பும் குறையுது, அந்த நேரம் ஆக்ஸிலேட்டர முறுக்கி ஸ்லைட (ஓட்டைய தெறக்குற அடைப்பு) திடீர்னு தூக்குனா காத்து மட்டும் உள்ள போயி இன்ஜின் மூச்சு முட்டி நிக்குது. 346 சிசி, 5.5 கம்ப்ரஷன், 18 எச்பி வண்டி இது. டவுனுக்குள்ள கால்வாசி திராட்டில (ஆக்ஸிலேட்டர் திருகுற அளவு) தாண்ட மாட்டோம். அந்தக் கால்வாசி சுத்தமா இருக்கணும், எனக்கு அது தான் முக்கியம். அதனால பழையபடி 24 எம்எம் மிக்கார்ப் பிராண்ட் கார்ப், ஒரிஜினல் ஃபில்டர் பாக்ஸ்னு முடிவு பண்ணேன்.

செல்லூர்ல எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருத்தர், புல்லட்லயே ஊறுனவரு. கார்ப் டப்பாவ கைல வாங்காமலே கேட்டாரு, "டேப்பட் பாத்தாச்சா தம்பி? பாயின்ட் பாத்தாச்சா? அதெல்லாம் நேராக்கிட்டு வாங்க, அப்புறம் இதப் பிரிப்போம்." பாயின்ட் (பிளக்குக்கு பொறி வர வைக்கிற கான்டாக்ட்) கேப் 0.35ல இருந்து 0.40 எம்எம்குள்ள, டைமிங், அதாவது பொறி விழுற நேரம், பிஸ்டன் உச்சிக்கு 0.8 எம்எம் முன்னாடி. டேப்பட்ட (வால்வு இடைவெளி) இன்ஜின் ஆறியிருக்கும்போது பாத்தோம், வால்வ தள்ளுற புஷ் ராட விரலால திருகுனா லேசா சுத்தணும், மேல கீழ ஆட்டம் இருக்கக் கூடாது. அவரு சொன்னது ரொம்ப சரி, இதுல ஏதாவது ஒண்ணு கோணலா இருந்தா கார்ப்ல எந்த ஸ்க்ரூவத் திருகினாலும் பதில் கிடைக்காது.

மாட்டுறது பெரிய வேலை இல்ல. புது கேஸ்கெட், கேபிள்ல கொஞ்சம் லூஸ் விட்டு ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாத்தேன், ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் திருகாம ஓடுற வேகம்) ஏறல. ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஜாயின்ட்ட சுத்தி டபிள்யூடி-40 அடிச்சுப் பாத்தேன், சத்தம் மாறல, அப்ப காத்து லீக் இல்ல.

அதுக்கப்புறம் தான் ரசிச்சு செஞ்ச வேலை. இன்ஜின் நல்லா சூடானதும் ஏர் ஸ்க்ரூவ கடைசி வரைக்கும் உள்ள விட்டுட்டு பைய வெளிய திருகணும். மிக்கார்ப்ல இது காத்துக்கான ஸ்க்ரூ, உள்ள போனா ரிச் (பெட்ரோல் கூட), வெளிய வந்தா லீன் (பெட்ரோல் கம்மி). ஒரு சுத்து தாண்டுனதும் தடுமாறிக்கிட்டு இருந்த ஐடிலிங் தானா நிமிந்து, டுக்... டுக்... டுக்னு எண்ற மாதிரி நின்னுச்சு பாருங்க, அண்ணன் பேசாம ஸ்க்ரூடிரைவர எடுத்து துடைச்சு வச்சுட்டாரு.

கார்ப்ல வந்தது மெயின் ஜெட் (வேகமா ஓடும்போது பெட்ரோல் தர்றது) 90, பைலட் ஜெட் (ஐடிலிங்குக்கு) 25. ஐடிலிங் அருமை, ஆனா நடுவுல ஒரு தொய்வு, ஆக்ஸிலேட்டர விட்டா சைலன்சர்ல பட் பட்னு வெடி. பிளக்க கழட்டுனா வெளுத்துப் போயிருக்கு, அப்ப மிக்சர் லீன். இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் இதுக்கு ஒரு காரணம். பெட்ரோல் எரிய 14.7 பங்கு காத்து வேணும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும், அப்ப அந்தக் காலத்து ஜெட் அளவுல இந்தக் காலத்து பெட்ரோல ஊத்துனா தானாவே லீன் ஆயிரும். ஸ்லைடுல தொங்குற ஊசியோட கிளிப்ப ஒரு பள்ளம் கீழ எறக்குனோம், ஊசி மேல ஏறும், நடு திராட்டில்ல பெட்ரோல் கூடும். மெயின் ஜெட்ட 95 ஆக்குனோம். ஏர் ஸ்க்ரூவ கால் சுத்து உள்ள விட்டதும் வெடியும் நின்னுச்சு.

டெஸ்ட் பண்ண நத்தம் ரோடு பறக்கும் பாலம் தான், 7 கிலோமீட்டருக்கு மேல சிக்னலே கிடையாது. அரை திராட்டில்ல ஒரே சீரா ஓட்டி, எறங்குனதும் கிளட்ச்ச புடிச்சு இன்ஜின ஆஃப் பண்ணி ஓரங்கட்டி, சூட்டோட பிளக்க கழட்டிப் பாத்தேன், பிஸ்கட் கலர், அப்ப மிக்சர் சரி. 28 இருந்தப்ப டாப் ஸ்பீடுல கிடைச்ச அந்த இழுவை இப்ப இல்ல, உண்மை. ஆனா கோரிப்பாளையத்துல ரெண்டாவது கியர்ல நடக்குற வேகத்துக்கு விட்டு திரும்பத் திருகினாலும் முக்காம எந்திரிக்குது.

அடுத்தது ஃப்ளோட் ஊசியும் (கார்ப்புக்குள்ள பெட்ரோல் வரவ அடைக்கிறது) பெட்ரோல் டியூபும். எத்தனாலுக்கு பழைய ரப்பர் ஊறி உப்பிருது, ரெண்டையும் மாத்தப் போறேன். கத்திரி வெயில்ல காத்து மெலிஞ்சு மிக்சர் கொஞ்சம் ரிச் ஆகும், அப்ப பிளக் என்ன கலர் காட்டுதுன்னு பாத்துட்டு 95 இருக்கட்டுமா, திரும்ப 90க்கு போவமான்னு முடிவு பண்ணணும்.