காலி செய்யும் கணக்கு

மார்ச் 4, 2024, திங்கள்

கட்டட உரிமையாளரின் மகன் இன்று காலை நேரிலேயே வந்துவிட்டார். மதுரை வடக்கு ஆவணி மூல வீதியிலிருந்து பிரியும் எங்கள் சந்துக்குள் அவர் நுழைந்து பத்தாண்டுகளாவது இருக்கும். வாடகையை வங்கியில் செலுத்தத் தொடங்கிய பிறகு எங்கள் உறவு பாஸ்புத்தகத்தின் ஒரு வரியாகச் சுருங்கிப்போயிருந்தது. முக்காலியில் அமர்ந்து டீ குடித்து முடித்தபின், கட்டடம் விலை பேசி முடிந்துவிட்டது என்றும், மே மாதக் கடைசிக்குள் என் பைண்டிங் கடையைக் காலி செய்து தர வேண்டும் என்றும் சொன்னார். "வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்கள் அண்ணே, எனக்குத்தான் மனசு வரவில்லை" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரிடம் கோபப்பட எனக்கு முடியாமல் போயிற்று.

நான் தரும் வாடகை 1,850 ரூபாய். சந்தின் முகப்பில் செல்பேசி உறை விற்கும் ஆறடிக் கடைக்கு மாதம் 15,000 ரூபாய் என்று கேள்வி. என் கடை அதைப்போல் நான்கு மடங்கு பெரியது. மாடித் தளத்தின் தேக்கு உத்திரங்களில் இரண்டைச் செல் அரித்துவிட்டது. ஐப்பசி மழைக்குத் தாள்கட்டுகளின் மேல் தார்ப்பாய் போர்த்தி வைப்பது எங்கள் வழக்கம். இந்த வாடகையை வைத்துக்கொண்டு கூரையை ஏன் செப்பனிடவில்லை என்று அவரிடம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

மார்ச் 7, 2024, வியாழன்

சட்டப் புத்தகங்களை என்னிடம் பைண்டிங்குக்குத் தரும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்பட்டது முதல் என் கடையின் பாதி உயிர் வழக்கறிஞர்களின் அலமாரிகளில்தான் இருக்கிறது என்பதால், ஆலோசனைக்குக் கட்டணம் கேட்பவர் இல்லை. என் அப்பா காலத்தில் இருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகையை இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். எங்களிடம் வாய்ச்சொல் தவிர வேறொன்றும் இல்லை. வழக்குப் போட்டால் சில ஆண்டுகள் இழுக்கலாம், அந்த ஆண்டுகளில் கூரை உங்கள் தலையில் விழாமல் இருக்க வேண்டும் என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இரவு வீட்டில் பரணிலிருந்து அப்பாவின் பழைய பேரேடுகளை இறக்கினேன். 1968ஆம் ஆண்டுக்குரியதில், சிவப்புக் காலிக்கோ வெளுத்துப் போயிருந்தாலும் தையல் ஓரிழை கூட விடாமல் இருந்த புத்தகத்தில், "கடைப் பகடி வகையில் பற்று 4,000" என்று அவர் கையெழுத்து இருந்தது. பகடி என்பது கடையைப் பிடிக்க உரிமையாளருக்கு வாடகை போக மொத்தமாகத் தரும் பணம். அந்தத் தொகைக்கு இரசீது கிடையாது. பகடிக்கு எவரும் இரசீது தருவதில்லை. ஆயுள் முழுவதும் மற்றவர் கணக்குக்குப் புத்தகம் கட்டியவரிடம் தன் உரிமைக்குச் சான்றாக இருந்தது தானே கட்டிய ஒரு புத்தகம் மட்டும்.

மார்ச் 17, 2024, ஞாயிறு

விற்பனை ஒப்பந்தத்தில் எங்கள் கட்டடம் "கீழ்த்தளத்தில் கடை மூன்று, மேல்தளத்தில் கிடங்கு ஒன்று" என்று குறிக்கப்பட்டிருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வேலை குறைவு என்பதால் நானும் ஒரு கணக்கெடுத்துப் பார்த்தேன். என் கடையில் என்னோடு சேர்த்து மூவர். அடுத்தது தராசு பழுதுபார்க்கும் கடை. தகப்பனும் மகனுமாக இருவர். மூன்றாவது டீக்கடை, அதில் இருவர். மாடிக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைத்து ஒட்டுப்போட்டு விற்கும் பெண்கள் மூவர். இவர்கள் போக, வாசற்படியில் பூட்டுக்குச் சாவி போடும் பெரியவர், சந்து முனையில் பூக் கட்டும் அக்கா. இந்த இருவருக்கும் வாடகையும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஆனால் பெரியவர் உட்காரும் படியில் அவர் தேய்த்துத் தேய்த்துப் பள்ளம் விழுந்திருக்கிறது. ஆக மொத்தம் பன்னிரண்டு பேர்.

இந்தப் பன்னிரண்டு பேரும் இங்கே வந்து சேர்ந்தது தற்செயலாக இல்லை. பக்கத்தில் சென்ட்ரல் மார்க்கெட் இருந்தவரை, நள்ளிரவு கடந்ததும் லாரிகள் வந்து நிற்கும், சுமை இறக்குவோருக்கு இரண்டு மணிக்கே டீ வேண்டியிருக்கும், காய்கறி கமிஷன் மண்டிகளுக்கு நாளுக்கு ஒரு சிட்டையும் மாதத்துக்கு ஒரு பேரேடும் வேண்டியிருக்கும், தராசுத் தட்டின் சங்கிலி அறுந்தால் விடிவதற்குள் சரிசெய்தாக வேண்டும், காலியான சாக்கு மாடிக்கு ஏறித் தைக்கப்பட்டு மறுநாள் மீண்டும் மண்டிக்கே இறங்கும். ஒருவர் தொழிலின் கழிவு அடுத்தவர் தொழிலின் மூலப்பொருளாக இருந்தது. 2010இல் காய்கறிச் சந்தை மாட்டுத்தாவணிக்கு மாற்றப்பட்டபோது சந்தைக்குள் கடை வைத்திருந்தவர்கள் கணக்கெடுக்கப்பட்டார்கள், அவர்களுக்கு அங்கே இடமும் பேசப்பட்டது. எங்களுக்கு யாரும் ஒரு தாளும் அனுப்பவில்லை, ஏனென்றால் எங்களில் எவருக்கும் சந்தைக்குள் கடை இல்லை. சந்தையை நம்பியிருந்தவர்கள் என்ற ஒரு பத்தி எந்தப் படிவத்திலும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொல்லும்போது பழையதை உயர்த்திப் பேசிவிடக் கூடாது. அழுகிய கோஸ் இலையும் சேறும் மிதித்துத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த வீதியைக் கடந்தார்கள். லாரி குறுக்கே நின்றால் ஆம்புலன்ஸ் நுழைய வழியிருக்காது. சந்தை இங்கிருந்து போக வேண்டியதுதான். போன பிறகு சந்துக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் யோசித்தவர் இல்லை.

ஏப்ரல் 3, 2024, புதன்

வாங்குபவரின் பொறியாளர் டேப்புடன் வந்தார். மிகவும் மரியாதையான இளைஞர். அளவு நாடாவின் மறுமுனையை என்னையே பிடிக்கச் சொன்னார், நானும் பிடித்தேன். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால், உயரத்தில் கிடைக்காததை அகலத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது என்று விளக்கினார். கீழே சிறு சிறு கடைகள், மேலே தங்கும் அறைகள், மொட்டை மாடியில் கோபுரத்தைப் பார்த்தபடி நாற்காலிகள் என்பது திட்டம். நடுவில் இருக்கும் முற்றமும் கிணறும் அறைகளாகிவிடும்.

அவர் சொல்வதில் தவறு காண முடியவில்லை. சந்தை இருந்த இடத்தில் இப்போது ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கட்டிய பல அடுக்கு வாகன நிறுத்தம் நிற்கிறது. சித்திரை வீதிகளில் கல் பதித்து வாகனங்களைத் தடுத்துவிட்டார்கள். வெளியூர்க்காரர் காரை விட்டுவிட்டு எங்கள் வீதி வழியே நடந்துதான் கோயிலுக்குப் போகிறார். நடந்து போகிறவர் கையில் தூக்கக்கூடியதை மட்டுமே வாங்குவார். வளையல், பொம்மை, குங்குமம், தண்ணீர் பாட்டில், கைப்பை. மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்து இறங்கிய வீதிக்குள் இன்று பகலில் ஒரு தட்டுவண்டியை நிறுத்த வழியில்லை. எந்தக் கடை நிலைக்கும், எந்தக் கடை மூடும் என்பதைக் கடைக்காரரின் திறமையைக் காட்டிலும் வண்டி எங்கே நிற்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

சித்திரை முதல் நாள். ஒரு காலத்தில் பங்குனி முழுவதும் கடையில் தூக்கம் இருக்காது. லெட்ஜர் தாளை வரியிட்டு, மடித்து, பாரம் பாரமாகத் தைத்து, மயில்துத்தம் கலந்த மைதாப் பசையை முதுகில் தடவி, அட்டை ஏற்றி, ஓரம் வெட்டி, பக்க எண் அடித்து அடுக்கினால், புத்தாண்டுக் காலையில் முதலாளிமார் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டு "லாபம்" என்று எழுதித் தொடங்குவார்கள். வருமான வரிக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று ஆண்டு பொதுவாக்கப்பட்ட பிறகும் இந்தச் சடங்கு நிற்கவில்லை. கணிப்பொறி வந்தபோது பாதி குறைந்தது; 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் மிச்சமும் திரைக்குள் போயிற்று.

இந்த ஆண்டு புதுக்கணக்குக்கு என்னிடம் புத்தகம் வாங்கியவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஐவர், பூசையில் வைப்பதற்கு மட்டும் மிகச் சிறியதாக ஒன்று போதும் என்றார்கள். ஆகையால் கட்டடம் விற்கப்பட்டதால்தான் என் தொழில் போகிறது என்று எழுதினால் அது பொய்க்கணக்கு ஆகிவிடும்.

ஏப்ரல் 18, 2024, வியாழன்

குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருந்தேன். புது மண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்த நண்பர் இப்போது அங்கேதான் இருக்கிறார். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே புத்தகக் கடையும் பாத்திரக் கடையும் தையல்காரர்களும் தலைமுறைகளாகத் தொழில் செய்துவந்தார்கள். கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் 2018 பிப்ரவரி 2ஆம் தேதி தீப்பிடித்த பிறகு, சிற்பங்களுக்கு நடுவே கடைகள் இருக்கலாமா என்ற கேள்வியை எவராலும் தள்ளிவைக்க முடியவில்லை. நெருப்பில் கல்லே வெடித்து உதிர்ந்ததைப் பார்த்தவன் என்ற முறையில், கடைகள் வெளியேறியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

நண்பர் அழகர் திருவிழாவுக்கு வேடம் பூணுவோரின் உடைகளைத் தைப்பதில் மூழ்கியிருந்தார். தண்ணீர் பீச்சும் தோப்பறையும் மணி வைத்த சல்லடமும் குல்லாவும் தேவைப்படுகிறவர் எத்தனை படியானாலும் ஏறித் தேடி வந்துவிடுகிறார். மற்ற பதினோரு மாதங்கள்தான் சிரமம் என்றார். மண்டபத்தில் இருந்தபோது, கோயிலுக்கு வந்தவர் தூணைப் பார்த்துக்கொண்டே நடந்து, தற்செயலாகத் தையல்காரரையும் பார்த்துவிடுவார். இங்கே தற்செயலாக எவரும் படியேறுவதில்லை. ஆனால் கழிப்பறை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, அதையும் எழுது என்று அவரே சொன்னார். எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 22, 2024, திங்கள்

தேர் பார்த்தேன். மாசி வீதிகளில் கடைக்காரர்கள் முன்தட்டிகளை அவிழ்த்து, பெயர்ப்பலகைகளை உள்ளே இழுத்துக்கொண்டதும் வீதி திடீரென்று அகலமாகிவிட்டது. வேறு சமயத்தில் அரை அடி பின்னே போகச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் இவர்களே.

திரும்பும் வழியில் விளக்குத்தூண் அருகே நின்று ஜிகர்தண்டா குடித்தோம். கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிறுவப்பட்ட தூண் அது. 1840களில் அந்த இடிப்பு நடந்த பிறகே வெளி வீதிகள் பிறந்தன. பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில்தான் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டர் இருந்தது. இன்று அங்கே ஜவுளிக்கடை. தியேட்டர் போனதற்கு என் வயதுக்காரர்கள் வருந்துகிறார்கள், மதில் போனதற்கு வருந்த ஆளில்லை. என் சந்துக்காக எத்தனை நாள் வருந்துவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

மே 12, 2024, ஞாயிறு

முடிவாகிவிட்டது. கல்லூரி மாணவரின் ஆய்வேடுகளையும் வழக்கறிஞரின் புத்தகங்களையும் செல்லூரில் வீட்டு முன்னறையில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். ரூலிங் மெஷினைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்தார். கிலோவுக்கு 31 ரூபாய். எடை போட்டது பக்கத்துத் தராசுக் கடைக்காரர்தான். இரும்புக்காரர் கொண்டுவந்த மின்னணுத் தராசைப் பார்த்ததுமே, முத்திரை காலாவதியாகிவிட்டது என்று தடுத்து, தன்னுடையதைக் கொண்டுவந்து நிறுத்தினார். பதினோரு கிலோ கூடுதலாக வந்தது. அவர் மகன் மாட்டுத்தாவணிப் பக்கம் மின்னணுத் தராசு சர்வீஸ் தொடங்கப் போகிறான். சாக்குப் பெண்களில் இருவர் ஜவுளிக்கடை விற்பனைப் பிரிவில் கேட்டுப் பார்த்தார்கள். வயது கூடுதல் என்று சொல்லிவிட்டார்களாம்.

உரிமையாளரின் மகன் காலி செய்வதற்காக ஒரு தொகை கொடுத்தார். அப்பாவின் பேரேட்டுப் பக்கத்தை நான் காட்டவே இல்லை. அவராகவே, தன் தகப்பனார் கணக்கில் 1968 பகடி வரவு இருப்பதாகச் சொன்னார். அந்தப் புத்தகமும் எங்கள் கடைத் தையலாகத்தான் இருக்க வேண்டும்.

மே 31, 2024, வெள்ளி

காலை பத்து மணிக்குச் சாவியைக் கொடுத்தேன். பழைய பூட்டு இறுகிக்கொண்டு வராமல் போகவே, படியில் அமர்ந்திருக்கும் பெரியவரே எண்ணெய் விட்டுத் திறந்தார். வாங்கியவரின் ஆள் புதிதாகத் திண்டுக்கல் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, இதற்கு இன்னும் இரண்டு சாவி வேண்டும் என்று அவரிடமே கேட்டார். சாயங்காலத்துக்குள் தருகிறேன், நாளை முதல் எதிர்ப்படியில் இருப்பேன் என்றார் பெரியவர். பூக்கார அக்கா வாகன நிறுத்தத்தின் வாசல் பக்கம் கூடையை மாற்றி நான்கு நாளாகிறது. அங்கே வியாபாரம் பரவாயில்லையாம்.

டீக்கடைக்காரர் முந்தின நாளே பாய்லரைக் கழற்றிக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் போய்விட்டார். நான் கட்டிக்கொடுத்த கடன் நோட்டில் என் பேரில் 340 ரூபாய் பாக்கி நிற்கிறது. திங்கட்கிழமை போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும்.