கல்குடாவில் பதினோராவது சுழியோட்டம்

மே மாதம் நிலாவெளியில் சுழியோடப் பழகத் தொடங்கினேன். போன சனிக்கிழமை கல்குடாவில் இறங்கியது பதினோராவது தடவை.

முதல் நான்கும் புறாத்தீவில். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான், முருகைக்கல்லும் ஆழமில்லை. செட்டை நுனி கறுத்த சுறாக்களுக்குப் பேர்போன இடம். ஆனால் முதல் நாள் எனக்குக் காதைத் தவிர வேறு நினைவே இல்லை. மூக்கைப் பிடித்து ஊதாமலே மூன்று மீற்றர் இறங்கிவிட்டேன், ஊசி குத்துகிற மாதிரி வலி. ஒரு மீற்றர் மேலே வந்து ஊதிய பிறகுதான் திறந்தது. வலி தொடங்கும் முன்பே, கொஞ்சம் கொஞ்சமாக ஊதிக்கொண்டே இறங்க வேண்டும்.

அடுத்தது காற்று. சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அளவு) இருக்கும், 50 மிஞ்சும்போது மேலே வந்துவிட வேண்டும். எனக்கு அது 28 நிமிடத்தில் முடிந்தது. பழக்கிய அண்ணா என் இடுப்பில் கட்டியிருந்த ஈயக் கட்டிகளைப் பார்த்துவிட்டு, "ஈயம் கூடிப்போச்சு தம்பி, அதைக் குறைச்சுப் பாருங்க" என்றார். பாரம் கூடினால் மிதக்க ஜாக்கெட்டில் காற்று நிரப்ப வேண்டும். கொஞ்சம் மேலே வந்ததும் அந்தக் காற்று விரிந்து நம்மைத் தூக்கும். திரும்ப இறங்கக் காலை உதைப்போம், மூச்சு வாங்கும். எட்டுக் கிலோவை ஐந்தாக்கினேன். ஏழாவது தடவை 41 நிமிடம் வந்தது.

அடிப்படைப் பயிற்சிக்கு 18 மீற்றர்தான் எல்லை. அடுத்த நிலையையும் முடித்துவிட்டுத்தான் கல்குடாவில் மூழ்கிக் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்குப் போனேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல் அது. கையில் கட்டியிருந்த சுழியோட்டக் கணினி 22 மீற்றர் காட்டியது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கரையில் இழுப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல் காற்றுப் போகும்.

முதலில் தெரிந்தது நீல மங்கலில் ஒரு கரிய மேடு மட்டும். கிட்டப் போய் ஒரு தகட்டில் டோர்ச் அடித்தேன். மண்ணிறமாக இருந்த இடமெல்லாம் சட்டென்று செம்மஞ்சளாகிவிட்டது! பூப் பூவாக மென்பவளம். ஆழத்தில் சிவப்பு ஒளி எட்டாது என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். தகட்டின் கீழே ஒரு சிங்கமீன் செட்டையை விரித்தபடி அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நானும் அசையாமல் நின்றேன், மூச்சு தானாகவே மெதுவாகிவிட்டது. பாதுகாப்புக்காக ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தங்கி மேலே வந்தபோது 70 பார் மிச்சம்.

1942இல் அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. 307 பேர் அதோடு போனார்கள். என் பயிற்சிக்கு அது எட்டாத ஆழம். வள்ளத்தில் திரும்பும்போது அந்தத் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அடுத்தது திருகோணமலையில் கோணேசர் மலை அடிவாரம். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு சுழியோடிய மைக் வில்சனும் பழைய கோயிலின் தூண்களைக் கண்ட இடம். வாடை பிடித்தால் தண்ணீர் கலங்கிவிடும், புரட்டாதிக்குள் போய்விட வேண்டும்.