கத்திரி வெயிலும் மாடிக் கீரையும்

பிப்ரவரி 9
சிறுகீரைக்கும் தண்டுக்கீரைக்கும் இந்தக் கோடையில் முழுக்கு. போன வருடம் மூன்று முறை விதைத்தேன், ஒரே முறை கடைந்தேன். திருவான்மியூர் மொட்டைமாடித் தளம் சுடுகிற சூட்டில் இரண்டிலை நாற்று பத்து மணிக்கே தலை தொங்கிவிடுகிறது. இனி ஒரு முறை வைத்தால் வருடக்கணக்கில் பறிக்கிற கீரைகள்தான். எதிர்வீட்டு மாமியிடம் லச்சகொட்டை என்கிற மரக்கீரையின் விதை கேட்டேன். சிரித்துவிட்டார். "விதைக்கு எங்கம்மா போறது? கொம்பை ஒடிச்சு நடு."

பிப்ரவரி 14
சாயா என்கிற மெக்சிகோ மரக்கீரைக் குச்சி கிடைத்தது, முழ நீளம். வெட்டின இடத்தில் வெள்ளைப் பால் வடிகிறது. அந்த ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும், அதனால் நாலு நாள் நிழலில் கிடக்கட்டும். காம்பில் மெல்லிய சுணை. விரல் இன்னும் அரிக்கிறது.

மார்ச் 16
சாயா கணுவில் பச்சை. தவசிக்கீரைக் குச்சி இரண்டில் ஒன்று போயிற்று. சந்தையில் வாங்கின பொன்னாங்கண்ணியை ஆய்ந்துவிட்டு, மிஞ்சிய தண்டைச் செருகி வைத்தது தொட்டி நிறையப் படர்ந்துவிட்டது. காசு கொடுத்து நாற்று வாங்குகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மே 4
கத்திரி ஆரம்பம். பொன்னாங்கண்ணி இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகியிருக்கிறது. வெயில் என்றுதான் நினைத்தேன். மண்ணைக் கிளறினால் மேலே வெள்ளைப் பூப்பு. உப்பு! சிக்கனம் என்று இரண்டு மாதமாக குடிநீர் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுத் தண்ணீரை ஊற்றியது நான்தான். போர்வெல் தண்ணீரில் இருக்கிற உப்பை வடிகட்டி ஒதுக்குகிற தண்ணீர் அது, போர்வெல்லைவிடக் கரிக்காமல் என்ன செய்யும். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரை இரண்டு வாளி விட்டு, தொட்டியின் அடி ஓட்டை வழியே வடியவிட்டேன். கருகினதை ஒட்ட நறுக்கியாயிற்று.

மே 17
கொடிப்பசலைக்கு மட்டும் இந்த வெயில் திருவிழா. ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் இலையில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வழவழப்பென்று வீட்டில் யாரும் தொடுவதில்லை என்பது வேறு கதை. பொன்னாங்கண்ணி நிழல் வலைக்கடியில் துளிர்க்கிறது.

மே 25
மச்சினர் வந்திருந்தார். தவசிக்கீரையைப் பச்சையாக அரைத்துக் குடித்தால் உடம்பு இளைக்குமாம். 1990களில் தைவானில் இதையே செய்தவர்கள் பலருக்கு நுரையீரலின் சிறு காற்றுக் குழாய்கள் அடைத்து, மூச்சே பாழானது என்றேன். நம்பவில்லை. வேகவைத்து, தேங்காய் போட்டு, எப்போதாவது ஒரு பொரியல் என்றால் சரி. மிக்ஸியை மட்டும் ஒளித்து வைத்துவிட்டேன்.

ஜூன் 22
முதல் சாயா அறுவடை, ஆறே இலை. இதைப் பச்சையாகத் தின்னக் கூடாது, சயனைடு உண்டு. கையுறை போட்டுக் கழுவி நறுக்கி, அலுமினியம் வேண்டாமென்று எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, மூடாமல் இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். ஆவியோடு நஞ்சும் போகவேண்டுமே. பிறகு பாசிப்பருப்புக் கூட்டு. இத்தனை கொதித்தும் குழையவில்லை, முருங்கையின் கசப்பும் இல்லை.

மாமிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே வெளிர்மஞ்சளாக லச்சகொட்டை இலை பத்து. நான் நட்ட கொம்பு இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது.